டீசல் டிரம்முக்கு எழுதிய வரி

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆபீஸ் இங்கிலீஷில் காலம் தள்ளிய என் வயசுக்காரர்களுக்கு ஒரு வாக்கியம் கட்டாயம் நினைவிருக்கும். 'ஃப்ரம் தி அபவ், இட் இஸ் கன்க்ளூடட் தட்...' மேற்கண்டவற்றிலிருந்து இன்ன முடிவுக்கு வரப்படுகிறது. யார் முடிவுக்கு வந்தார்கள் என்று அதில் இருக்காது. எதை வைத்து வந்தார்கள் என்று தேடினால் மேலே நாலு வரி இருக்கும்; அந்த நாலு வரிக்கும் முடிவுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. ஆனாலும் வாசிக்கும்போது ஒரு கம்பீரம். நம்மில் பாதிப் பேர் அந்தக் கம்பீரத்திலேயே ரிட்டையர் ஆனோம். நானும்தான். விசாரணை அறிக்கைகளை டைப் அடித்தே இன்றைக்குப் பென்ஷன் வாங்குகிறேன்.

அந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் எழுதியது ஒன்பதாம் வகுப்பில். பரீட்சைக்காக எழுதவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. இப்போது ஏன் சொல்கிறாய் என்றால், போன மாசியில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இனி நான் என்ன சொன்னாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது.

அப்பா செந்துறைப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். குவாரிக்குச் சொந்தமான ஆறு வீடுகள் ஒரே வரிசையில், நடுவில் ஒற்றைச் சுவரோடு இருந்தன. எங்களுடையது நாலாவது. பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் நாங்கள் 'நூறு வயசு' என்று சொல்லிவிடலாம். தினமும் மத்தியானம் சங்கு ஊதும். உடனே அம்மா அலமாரியில் இருக்கும் டம்ளர்களைத் தரையில் இறக்கி வைப்பாள், தயிரை மூடுவாள். கொஞ்ச நேரத்தில் வெடி. ஜன்னல் கதவு நடுங்கும். எவ்வளவு மூடினாலும் தயிரில் நறநறவென்று ஒரு பொடி இருக்கும். அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம்; பல் மட்டும் எங்களுக்கு உறுதி.

குவாரியில் இரண்டு குழிகள் இருந்தன. புதுக் குழியில் கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய குழியில் கல் தீர்ந்துபோய்ப் பச்சையாகத் தண்ணீர் நின்றது. புதுக் குழியிலிருந்து தோண்டும் வேண்டாத மண்ணை லாரியில் கொண்டுவந்து பழைய குழியின் ஒரு ஓரத்திலிருந்து கொட்டி மூடிக்கொண்டே வருவார்கள். மழைக்காலத்தில் பழைய குழித் தண்ணீர் ததும்பிப் புதுக் குழிக்குள் வந்துவிடாமல் இருக்க ஒரு டீசல் பம்பு ஓடும். அதை ஓட்டியவர்தான் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். நாங்கள் பம்பு மாமா என்று கூப்பிடுவோம். அவர் மனைவியை அத்தை என்போம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ எங்கள் வீட்டு முறுக்கிலும் சீடையிலும் பாதியைச் செய்தது அத்தையின் கைதான்.

மாமா குள்ளம். ரொம்பக் குள்ளம். சைக்கிளோ முழு அளவு சைக்கிள், கேரியரில் நீல நைலான் கயிறு சுற்றியது. அவர் அதில் ஏற வேண்டுமென்றால் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லின் மேல் நின்றுதான் ஏறுவார். நிறுத்த வேண்டுமென்றால் ஒரு பக்கமாகக் குதிப்பார். வழியில் ஆடு குறுக்கே வந்தால் ஆட்டையும் திட்டி, சைக்கிளையும் திட்டி, குதித்து, மறுபடி ஒரு கல்லைத் தேடுவார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

"சைக்கிள் கம்பெனிக்காரன் என்னய கேக்காம செஞ்சுட்டான் பாப்பா" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு இங்கிலீஷ் சார் வந்தார். நிரந்தர டீச்சர் பிரசவ லீவில் போனதால் வந்தவர். ஒரு டெர்ம்தான் இருந்தார். சிடுமூஞ்சி. அவர் போனபோது யாரும் அழவில்லை. எங்கள் பக்கத்து ஓடையில் கல்லாகிப்போன சிப்பியும் சங்கும் கிடக்கும், நொண்டி விளையாட அதைத்தான் எடுப்போம். அவர் ஆளுக்கு ஒன்று எடுத்துவரச் சொல்லி, அதைப் பற்றி இங்கிலீஷில் அஞ்சு வரி எழுதச் சொன்னார். நான், இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது எனக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன்.

"நீ போயிக் கால நனைச்சியா?" என்று கேட்டு அதை அடித்தார். பிறகு போர்டில் மூன்று எழுதினார். 'இட் அப்பியர்ஸ்', அப்படித் தோன்றுகிறது. 'இட் மே பி இன்ஃபெர்டு', அப்படி ஊகிக்கலாம். 'வி கன்க்ளூட்', முடிவுக்கு வருகிறோம்.

"கல்லு இம்ப்ளை பண்ணும், குறிப்பு காட்டும்; நீ இன்ஃபர் பண்ணு. கல்லு இன்ஃபர் பண்ணுச்சுன்னு எவளாவது எழுதினா முட்டி போட வைப்பேன். கன்க்ளூடுங்கிறது கடைசி. வேற எப்படியும் இருக்க முடியாதுன்னு ஒண்ணொண்ணாப் பாத்துட்டு, அப்புறம்தான் அதத் தொடணும்."

எங்கள் வகுப்பில் ஒரு வாயாடி மறுநாள் எழுதினாள்: சார் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறார், அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று ஊகிக்கலாம். நாற்பது வயசு கட்டைப் பிரம்மச்சாரி அவர். அடி விழப்போகிறது என்று வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அவர் அவளுக்கு முழு மார்க் போட்டார்.

"ஊகம் தப்பு. வாக்கியம் சரி" என்றார்.

எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. வீட்டில் எதற்கெடுத்தாலும் இன்ஃபெர்டு. பூனை வாயில் வெள்ளை இருக்கிறது, பால் குடித்ததாக ஊகிக்கலாம். அம்மா முறைத்தாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், எழுத வராது. பழைய ஃபைலில் இருக்கும் கடிதத்தைப் பார்த்துத் தேதியையும் பெயரையும் மாற்றி எழுதிவிடுவார். அந்த ஆபீஸே அப்படித்தான் ஓடியது. ஒரு காலத்தில் யாரோ ஒரு படித்தவர் எழுதிவைத்த பத்துப் பதினைந்து கடிதங்கள், அவ்வளவுதான் மூலதனம். மிச்சமெல்லாம் நகல்.

அந்த மழை பிடித்தது பிடித்ததுதான். நாலு நாள் விடவில்லை. புதன்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் சண்டை. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போக வேண்டும், லீவு கேளுங்கள் என்று அத்தை. மழையில் பம்பை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று மாமா. சத்தம் ஏறி, "இந்த வூட்டுல மனுசன் இருப்பானா" என்று அவர் கத்தியது எங்கள் சுவர் வழியாகத் தெளிவாக வந்தது. எங்கள் வீட்டில் அம்மா, போன வாரம்தான் அதே வார்த்தையை அப்பா வாயிலிருந்து கேட்டிருந்தாள். அப்பா அன்றைக்கு எங்கேயும் போய்விடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். தூறல். ரோட்டுப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. எனக்கு முன்னால் மாமாவின் சைக்கிள், அதே நீலக் கயிறு. ஓட்டியவர் தலையில் சாக்கைக் கூம்பு மாதிரி மடித்துப் போட்டிருந்தார், மழையில் எல்லோரும் போடுவதுதான். பாலத்துக்கு முன்னால் நின்று, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, தண்ணீரின் வேகத்தைப் பார்த்தார். "மாமா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தண்ணீருக்குள் விட்டு மிதித்துப் போய்விட்டார். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பும் பாதையில் இறங்கினேன்.

வியாழக்கிழமை காலை நான் கண் விழித்ததே சத்தம் இல்லாததால்தான். பம்பு ஓடவில்லை. நாலு நாளாகக் காதில் இருந்துகொண்டே இருந்த டுக் டுக் நின்றுபோய், மழையும் விட்டிருந்தது.

"என்னடி இது, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

அப்போதே அத்தை வந்துவிட்டார். தலையைக்கூட முடியவில்லை.

"அண்ணி, அவரு ராவு வரல. மழையில பம்புகிட்டயே படுத்திருப்பாருன்னு நெனச்சேன். இப்ப போயிப் பாத்தா செட்டு தொறந்து கெடக்கு. ஆளக் காணும்."

அப்பா ஓடினார். பின்னாலேயே வரிசை முழுக்க ஓடியது. பம்பு செட்டில் டார்ச் லைட் இல்லை, சாப்பாட்டு கேரியர் இல்லை, சைக்கிளும் இல்லை. வாசலில் மாமாவின் செருப்பு மட்டும் இருந்தது. பம்பின் குழாய் பழைய குழிக்குள் இறங்கும் இடத்தில் கரை சரிந்து, புது மண் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. குழாயின் நுனியில் செத்தை அடைத்துக்கொண்டால் அதை எடுக்க மாமா அந்த வழியாகத்தான் இறங்குவார்.

அத்தை அந்தச் சரிவைப் பார்த்தபடியே நின்றார். கத்தவில்லை. அது எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

"இங்கதான் இருக்காரு" என்றார்.

மத்தியானத்துக்குள் செந்துறையிலிருந்து தகவல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் மாமாவின் சைக்கிள் நிற்கிறதாம். ஊரே மூச்சு விட்டது. ஆள் பஸ் ஏறிவிட்டான். காலையில் சண்டை, சாயங்காலம் பஸ். அம்மாவே சொன்னாள், "இந்த வூட்டுல மனுசன் இருப்பானான்னு கேட்டாருங்க, நான் என் காதால கேட்டேன்" என்று. அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

"செருப்ப வுட்டுட்டு எந்த ஊருக்குங்க போவாரு?" என்று அத்தை குவாரி மேனேஜரிடம் கேட்டார்.

"போற எடத்துல புதுசு வாங்கிக்கிறாரு. நீ அழுவாத, கோவம் தணிஞ்சா வந்துருவாரு."

"சாமி, ஒங்க காலுல வுழறேன். குழித் தண்ணிய எறைச்சுப் பாருங்க. அது வரைக்கும் மண்ணு மட்டும் கொட்டாதீங்க."

அன்றைக்கு லாரிகள் நின்றன. மேனேஜர் நல்லவர் என்பதால் அல்ல. மெட்ராஸ் ஹெட் ஆபீஸுக்குப் போன் போட்டிருந்தார்; குவாரிக்குள் நடந்த விபத்தா, ஆள் தானாகப் போனதா, எழுத்தில் அனுப்பு, அது வரும்வரை பழைய குழியில் கை வைக்காதே என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதாவது ஒரு தாள் போக வேண்டும். அந்தத் தாளில் சந்தேகம் என்று இருந்தால் தண்ணீரை இறைப்பார்கள், தேடுவார்கள். சந்தேகம் இல்லை என்று இருந்தால் லாரி ஓடும். இதை அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அன்று சாயங்காலமே அப்பா என்னை உட்கார வைத்தார். என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். ஃபுல்ஸ்கேப் தாள் மூன்று, நடுவில் இரண்டு கார்பன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். காலையில் மனைவியோடு சண்டை. சைக்கிள் பஸ் ஸ்டாண்டில் கண்டெடுக்கப்பட்டது. டார்ச்சும் கேரியரும் இல்லை. செருப்பை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். 'இட் மே பி இன்ஃபெர்டு' என்று தொடங்கி, அவர் தானாக ஊரை விட்டுப் போயிருக்கலாம் என்று ஊகிக்கலாம் என முடித்தேன்.

மழை விட்டாலும் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வடியவில்லை, வெள்ளிக்கிழமையும் லீவு. காலையில் மேனேஜரே அந்தத் தாளோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். 'மே பி' என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"என்னய்யா இது மே பி? இதப் படிச்சா அவன் என்ன கேப்பான்? மே நாட் பியான்னு கேப்பான். ஒரு மாசம் லாரி நிக்கும். பழைய ஃபைல்ல எப்படி இருக்குன்னு பாத்து எழுதச் சொன்னா, கத எழுதிக்கிட்டு."

பழைய ஃபைலும் அவர் கையிலேயே இருந்தது. காணாமல் போனதைப் பற்றி அந்த ஆபீஸில் ஒரே ஒரு மாதிரிக் கடிதம்தான் இருந்தது. ஒரு டீசல் டிரம் காணாமல் போனபோது எழுதியது. 'ஃப்ரம் தி அபவ், இட் இஸ் கன்க்ளூடட் தட் தி டிரம்...' என்று அதன் கடைசி வரி. டிரம் இருந்த இடத்தில் மாமாவைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"இப்படி எழுதினா எங்க சார் அடிப்பாருப்பா" என்றேன் மெதுவாக.

"ஒங்க சாருக்கா நான் வேல பாக்குறேன்? எழுதும்மா."

புதுத் தாள் எடுத்தேன். சண்டையை எழுதினேன். சைக்கிள் பஸ் ஸ்டாண்டில் இருந்ததை எழுத ஆரம்பித்தபோது பேனா நின்றது. பாலத்துக்கு முன்னால் ஊன்றி நின்ற இரண்டு கால் என் கண் முன்னால் வந்தது. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். சைக்கிள் சாயக்கூட இல்லை.

"அப்பா, புதன்கெழம சாயங்காலம் அந்த சைக்கிள நான் பாத்தேன்."

"எங்க?"

"பாலத்துகிட்ட. யாரோ ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அது மாமா இல்லப்பா."

"மொகத்தப் பாத்தியா?"

"இல்ல. சாக்கு போட்டிருந்தாங்க. ஆனா கால் ரெண்டும் எட்டுச்சு. மாமாவுக்கு எட்டாதே."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை யாரிடமோ அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: எறைச்சுப் பாக்கச் சொல்லுங்க, எறைச்சுப் பாக்கச் சொல்லுங்க. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மேனேஜரு வாசல்ல நிக்கிறாரும்மா. எழுதிடு."

எழுதினேன். நண்பர்களே, இதை நான் அழகுபடுத்திச் சொல்லப் போவதில்லை. அப்பா மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவளாகிவிடப் போவதும் இல்லை. பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். மையைக் கொட்டியிருக்கலாம். பதினாலு வயசுப் பெண் நினைத்தால் காய்ச்சல் என்று சுருண்டு படுத்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்யவில்லை. மேற்கண்டவற்றிலிருந்து அவர் தன் விருப்பத்தின் பேரில் ஊரை விட்டுச் சென்றுவிட்டார் என்ற முடிவுக்கு வரப்படுகிறது. மூன்று பிரதி. கையெழுத்து அன்றைக்கு ரொம்ப நன்றாக வந்தது.

தாளை அன்றைக்கே ஆள் கையில் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள்; சனிக்கிழமை காலையில் லாரிகள் ஓடின. அத்தை குழிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். நாலு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதில் என் அம்மாவும் ஒருத்தி. முதல் லாரி பின்னோக்கி வந்து, தொட்டி தூக்கி, மண் சரிந்து தண்ணீரில் விழுந்த சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அன்றைக்கெல்லாம் கேட்டது. அடுத்த வாரம் முழுக்கக் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் மெல்ல மெல்ல மாறி, மண்ணின் மேல் மண் விழும் சத்தமாகப் போனது. நான் காதைப் பொத்திக்கொண்டு பாடத்தை மனப்பாடம் பண்ணினேன். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா திருநீறு பூசிவிட்டாள்.

அத்தை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறதே என்று அந்தத் தாளைக் காட்டி அனுப்பினார்களாம். ஊரில் பேச்சு வேறு மாதிரி வளர்ந்தது. மாமாவைத் திருப்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இன்னொருவர், பெண்ணோடு பார்த்ததாகவே சொன்னார். பார்த்தவர் யார் என்று கேட்டால் ஆள் இல்லை. எங்கள் தாள் கொடுத்த தைரியம்தான் எல்லாம்.

ஒரு மாதம் கழித்துத் துளை போடும் மெஷினில் ஹெல்பராக இருந்தவர் ஊரிலிருந்து திரும்பினார். நல்ல உயரம் அவர். புதன்கிழமை சாயங்காலம் அவர் மனைவிக்குப் பிரசவ வலி என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். கடைசி அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க, பம்பு செட்டில் நின்ற சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் நேராக அத்தை வீட்டு வாசலில் வந்து விழுந்து அழுதார்.

"எடுக்கும்போது மாமா அங்க இல்லக்கா. செருப்பு மட்டும்தான் இருந்துச்சு. கூப்புட்டுப் பாத்தேன்."

அப்பா அன்றைக்குச் சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும்வரை ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஃபைல் மூடியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அவர் கோழை என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு முப்பது வருஷம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில், அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, அப்பா ஆபீஸில் இருந்த நேரம், அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. வைப்பதா அழிப்பதா என்று அவருக்கு யார் சொல்ல முடியும்?

"பாப்பா, கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடு. இங்கிலீசுல இருந்தாத்தான் படிக்கிறாங்களாம். மண்ணத் தோண்டிப் பாக்கச் சொல்லி எழுது. ஒன் எழுத்து முத்து முத்தா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

மறுக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. எழுதினேன். ஹெல்பர் சொன்னது, செருப்பு, கரை சரிந்தது எல்லாவற்றையும் எழுதினேன். பாலத்தில் நான் பார்த்ததை மட்டும் எழுதவில்லை; எழுதினால் அப்பா மாட்டிக்கொள்வார். கடைசி வரியில், இந்த முறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு. 'இட் மே பி இன்ஃபெர்டு' என்று தொடங்கினேன்.

"என்ன எழுதியிருக்க?" என்று அத்தை விரல் வைத்துக் கேட்டார்.

"மாமா அந்தக் குழிக்குள்ள இருக்கலாம்னு ஊகிக்க முடியுதுன்னு."

"இருக்கலாமா? இருக்காருன்னு எழுது பாப்பா."

"பாக்காம அப்படி எழுதக் கூடாதுத்தை. தப்பு."

அத்தை என் முகத்தையே பார்த்தார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். கட்டை விரலை மையில் தொட்டு வைத்துவிட்டுப் போனார். யோசித்துப் பாருங்கள். பொய்க்கு முடிவு என்று எழுதிக் கொடுத்த நான், உண்மையைச் சொன்னவரிடம் வந்து ஊகம்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறேன்.

தை மாதத்தில் கலெக்டர் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். குவாரி ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஹெல்பரை அதற்குள் வேறு எங்கோ ஒரு குவாரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இரண்டையும் எழுதியது யார் என்று கேட்டார். ஆபீஸ் பியூன் வந்து என்னை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்.

அறையில் மேனேஜர், அப்பா. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தை.

"ரெண்டும் ஒன் எழுத்தாம்மா?"

"ஆமா சார்."

"இதுல போயிட்டாருன்னு கன்க்ளூட் பண்ணியிருக்க. இதுல குழியில இருக்கலாம்னு மே பி போட்டிருக்க. எனக்கு எது பெருசு? முடிவா, சந்தேகமா?"

நான் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"சரி, பயப்படாத. வேற எதாவது ஒனக்குத் தெரியுமா? நீயா எதாவது பாத்தியா?"

நேரான கேள்வி. நல்ல மனிதர்தான் போலிருக்கிறது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் பேனாவை எடுத்து எழுதினார். ஒரே வரி. தலைகீழாக இருந்தாலும் என்னால் வாசிக்க முடிந்தது, அது என்ன வரி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைலைக் கட்டினார்கள். டீ வந்தது.

வெளியே வந்தபோது அத்தை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். கிட்டே வந்து என் வலது கையைப் பிடித்தார். திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார்.

"மொதத் தாளையும் இந்தக் கைதான் எழுதுச்சா?"

"ஆமாத்தை."

கையை விட்டுவிட்டார். மூடிய குழிப் பக்கமாக நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அப்பா பெரம்பலூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போகும்வரை, ஐந்து மாதம், நாங்கள் அதே வரிசையில்தான் இருந்தோம். எல்லோருக்கும் ஒரே அடிபம்பு. காலையில் நான் குடத்தோடு போனால் அத்தை அங்கே இருப்பார். என்னைப் பார்த்ததும் தன் குடத்தை நகர்த்திவிட்டு எனக்கு இடம் விடுவார். நான் நிறைத்து எடுக்கும்வரை சுவரோரமாக நின்றுகொண்டிருப்பார். ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.